மருமகளின் ஒரு துளி ரத்தம்

காலையில் கடை திறந்ததும், மெஷினைத் தொடுவதற்கு முன்னால், தையல்காரம்மா இரண்டு கைகளையும் பரபரவென்று தேய்த்துக்கொள்வாள். கொஞ்ச காலமாகவே விடிந்தவுடன் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. கத்தரிக்கோலின் வளையத்துக்குள் கட்டைவிரல் போக மறுக்கும். போய்விட்டால் வெளியே வர மறுக்கும். வெயில் ஏறியதும் எல்லாம் சரியாகிவிடும். "வருஷக்கணக்கா துணி வெட்டின கை, கொஞ்சம் முரண்டு பிடிக்கத்தான் செய்யும்" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வாள்.

பள்ளிக்கூடச் சீருடை தைப்பதில் அந்தத் தெருவிலேயே அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. கடையின் பின்பக்கம், ஜன்னலோரம் உட்கார்ந்து காஜா எடுப்பதும் பட்டன் தைப்பதும் அவள் கணவர். வாயில் எப்போதும் நூல் இருக்கும் என்பதால் அவர் அதிகம் பேசுவதில்லை. நூல் இல்லாதபோதும் பேசுவதில்லை என்பது வேறு விஷயம்.

அன்று கடை நடுவில், நிலைக்கண்ணாடி முன்னால், வருங்கால மருமகள் நின்றிருந்தாள். பாதி தைத்த கல்யாண உடுப்பு, ஓட்டுத் தையலும் குண்டூசியுமாக அவள் மேல் இருந்தது.

"மூச்சை இழுத்துப் பிடிக்காதம்மா. கல்யாணத்தன்னைக்கு மூச்சு விடணும்ல?"

"சிரிக்க வைக்காதீங்க அத்தை, ஊசி குத்துது."

கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற பெண் அவள். தையல்காரம்மாவின் மகன் லிஃப்ட் மெக்கானிக். அந்தக் கடை இருக்கிற கட்டடத்து லிஃப்ட் ஒருநாள் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோனபோது, உள்ளே மாட்டிக்கொண்ட இவளை வெளியே எடுத்தவன் அவன்தான். அதற்குப் பிறகு மனதுக்குள்ளிருந்து இவளை வெளியே எடுக்க அவனால் முடியவில்லை. பெண் கலகலப்பு, கெட்டிக்காரி, பெரியவர்களிடம் பணிவு. தையல்காரம்மாவுக்கும் முதல் பார்வையிலேயே பிடித்துவிட்டது. "நம்ம பையனுக்கு இவ்வளவு நல்ல பொண்ணு எப்படி மாட்டிச்சு?" என்று கணவரிடம் ஆச்சரியப்பட்டவள்தான்.

எல்லாம் இரு வீட்டாரும் சந்தித்துப் பேசிய நாள்வரைதான். அன்று பெண்ணின் அம்மா தேநீர்க் கோப்பையை நீட்டினாள். தையல்காரம்மாவின் கண் கோப்பைக்குப் போகவில்லை, அதைப் பிடித்திருந்த கைக்குப் போனது. விரல்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கணுக்கள் முண்டும் முடிச்சுமாகப் புடைத்திருந்தன.

"மூட்டு வாதம் சம்பந்தி. ரொம்ப நாளா வைத்தியம் பார்க்காம விட்டுட்டோம்" என்று அந்த அம்மாள் ஒளிவுமறைவில்லாமல் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

தையல்காரம்மாவும் பதிலுக்குச் சிரித்து வைத்தாள். ஆனால் வீட்டுக்கு வந்ததிலிருந்து மனதில் ஒரு முள். அம்மாவுக்கு இருந்தால் பெண்ணுக்கும் வருமோ? நாளைக்கு என் பிள்ளை இவளுக்குத் தலைவாரி விடவேண்டி வருமோ? கேட்டுவிடலாம் என்றால் வாய் வரவில்லை. கேட்காமலிருக்கலாம் என்றால் தூக்கம் வரவில்லை.

"ஸ்ஸ்..." என்றாள் மருமகள். இடுப்பருகே இருந்த குண்டூசியைத் தொடப்போய், விரல் நுனியில் குத்திக்கொண்டுவிட்டாள். ஒரு சிவப்புப் பொட்டு எழும்பியது.

"ஐயையோ, உடுப்புல பட்டுடப்போகுது!" தையல்காரம்மா மேஜையிலிருந்த வெள்ளை லைனிங் துண்டு ஒன்றை எடுத்து அந்த விரலைச் சுற்றினாள். அழுத்திப் பிடித்தாள். உண்மையாகவே பதறித்தான் செய்தாள். அந்த நொடியில் கள்ளம் எதுவுமில்லை.

கள்ளம் அப்புறம்தான் வந்தது. பெண் போன பிறகு, குப்பைக்கூடையில் போடப்போன துணித் துண்டை அவள் கை போடவில்லை. காலியான பட்டன் டப்பா ஒன்றில் அதைப் போட்டு மூடினாள். ஜன்னலோரத்திலிருந்து கணவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன அது?"

"ஒண்ணுமில்ல. நீங்க காஜாவைப் பாருங்க."

அவளுக்குக் கூடப் பிறந்த தங்கை ஒருத்தி உண்டு. நோய்களைக் கண்டுபிடிக்கும் கருவி தயாரிக்கிற ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. மறுநாள் மத்தியானம் பட்டன் டப்பாவோடு தையல்காரம்மா அங்கே போய் நின்றாள். செருப்புக்கு மேல் உறை, தலைக்குக் குல்லாய், உடம்புக்கு வெள்ளை அங்கி. "ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போற மாதிரி இருக்குடி" என்று முணுமுணுத்தாள். உள்ளே எங்கே பார்த்தாலும் சில்லென்ற காற்று. ஒரு மூலையில் சின்ன இயந்திரக் கை ஒன்று, கண்ணாடித் தகடுகள் மேல் கோலம் போடுவதுபோல் டக் டக்கென்று புள்ளி வைத்துக்கொண்டே இருந்தது.

தான் வேலை பார்க்கிற இடத்தைப் பார்க்க அக்கா வந்திருக்கிறாள் என்ற பெருமையில் தங்கை ஒரு தகட்டை எடுத்துக் காட்டினாள்.

"வெறும் கண்ணாடி மாதிரிதானே தெரியுது? இதுமேல ஆயிரக்கணக்குல புள்ளி இருக்கு அக்கா. ஒவ்வொண்ணும் புரதத்தோட ஒரு குட்டித் துணுக்கு. பெப்டைடுன்னு சொல்வோம். உன் கடையில கொக்கியும் வளையமும் இருக்குல்ல? ஒவ்வொரு கொக்கியும் அதுக்கேத்த வளையத்துலதானே மாட்டும்? இந்தப் புள்ளியெல்லாம் வளையம். நம்ம ரத்தத்துல ஓடற எதிர்ப்புப் பொருளெல்லாம் கொக்கி. உடம்பு எதோட சண்டை போடுதோ அதுக்கேத்த கொக்கி ரத்தத்துல இருக்கும். சில சமயம் புத்தி கெட்டுப்போய்த் தன்னோடயே சண்டை போடும், அதுக்கும் கொக்கி இருக்கும். ஒரு சொட்டு விட்டா, அதது தன் இடத்துல போய் மாட்டிக்கும். மாட்டின இடத்துல மட்டும் ஒட்டற மாதிரி நானோ துகள் தூவி வெளிச்சம் போட்டோம்னா, அங்க மட்டும் பளிச்சுன்னு மின்னும்."

"அப்போ மூட்டு வாதமும் தெரியுமா?"

"இப்போ அதைத்தான் முக்கியமா சோதிச்சுப் பார்க்கறோம். சில பேருக்கு வலி வர்றதுக்கு வருஷக்கணக்குல முன்னாடியே அடையாளம் தெரிஞ்சிடும். அடையாளம் இருக்கற எல்லாருக்கும் நோய் வந்துடும்னு இல்ல. ஆனா முன்கூட்டியே தெரிஞ்சா விரல் கோணாமக் காப்பாத்தலாம்."

தையல்காரம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பட்டன் டப்பாவைத் திறந்து நீட்டினாள். விஷயத்தைச் சொன்னாள். தங்கையின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்தது.

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா உன்கிட்ட ஏன்டி வர்றேன்?"

"அப்போ நான் தொடமாட்டேன்."

"ஒரு சொட்டுதானேடி! நீயும் நானும் சொல்லாட்டி யாருக்குத் தெரியப்போகுது?"

"உனக்குத் தெரியும்ல, அது போதாதா? அக்கா, ஒருத்தரோட ரத்தத்துல என்ன இருக்குன்னு அவங்களுக்கு முன்னாடி நீ தெரிஞ்சு வச்சுக்கறது, அவங்க தலைமாட்டுல நின்னு அவங்க கனவைத் திருடற மாதிரி. இருக்குன்னு வந்தா என்ன செய்வ? கல்யாணத்தை நிறுத்துவியா?"

"நிறுத்துவேன்னு யார் சொன்னா? சும்மா... ஒரு மனத் திருப்திக்கு."

"உன் மனத் திருப்திக்கு அவ ரத்தமா?"

தங்கை அந்தத் துணியை இடுக்கியால் எடுத்து, கழிவு ரத்தம் போடுகிற மஞ்சள் தொட்டியில் போட்டு மூடியை அழுத்தினாள். எரித்துச் சாம்பலாக்குகிற தொட்டி அது. காலி டப்பாவை மட்டும் திருப்பிக் கொடுத்தாள்.

தையல்காரம்மாவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. அக்காவை இப்படி முகத்திலடித்தாற்போல் பேசலாமா? அங்கே சுவரில், சோதனைக்கு ஆரோக்கியமானவர்களும் தேவை, விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்று ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் ரத்தமும் வேண்டுமாம்.

"இதோ பாரு, என் ரத்தத்தை எடுத்துக்கோ. நான் என்ன, பயந்தா ஓடறேன்? இரும்பு மாதிரி இருக்கேன். உடம்புல ஒண்ணும் இல்லாதவங்களுக்கு ஒளிக்க என்ன இருக்கு? நீங்கதான் பெரிசா ஆர்ப்பாட்டம் பண்றீங்க."

தங்கை தடுக்கவில்லை. "எடுக்கறவங்க வேற. உன் பேர் தகட்டுல இருக்காது. எதாவது தெரிஞ்சா டாக்டர் உன்கிட்ட மட்டும் சொல்வார். என்கிட்டகூடச் சொல்லமாட்டார். சரியா?"

"சொன்னாச் சொல்லட்டுமே! எனக்கென்ன வந்தது!" என்று விரலை நீட்டினாள்.

சில நாள் கழித்து அந்த டாக்டர் கூப்பிட்டார். பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, சலவை செய்த புடவை கட்டிக்கொண்டு போனாள் தையல்காரம்மா. டாக்டர் வயதில் சின்னவர், பேச்சில் நிதானமானவர். கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார்.

"அம்மா, காலையில எழுந்ததும் விரல் விறைப்பா இருக்கா?"

அவள் கையிரண்டையும் மடியில் மறைத்துக்கொண்டாள். "அது... கத்தரிக்கோல் பிடிக்கறதால."

"உங்க ரத்தத்துல மூட்டு வாதத்தோட அடையாளம் தெளிவா தெரியுது. எங்க தகட்டை மட்டும் வச்சு முடிவு சொல்லக்கூடாது. ஆஸ்பத்திரியில போய் உறுதி பண்ணிக்கணும். ஆனா உங்களுக்கு இப்பதான் ஆரம்பம். இப்பவே மாத்திரை ஆரம்பிச்சா, இன்னும் ரொம்ப காலத்துக்கு நீங்க துணி வெட்டலாம்."

அவர் சொன்ன நல்ல செய்தி எதுவும் அவள் காதில் ஏறவில்லை. கண்ணுக்குள் சம்பந்தியம்மாவின் கோணிய விரல்கள் மட்டும் நின்றன. அவள் கேட்ட முதல் கேள்வி தன் உடம்பைப் பற்றியது அல்ல.

"இது என் தங்கச்சிக்குத் தெரியுமா டாக்டர்?"

"தெரியாதும்மா. நீங்க சொன்னாத்தான் தெரியும்."

"என் பையனுக்கு? பொண்ணு வீட்டுக்கு?"

"யாருக்குமே தெரியாது. இது உங்க உடம்பு. யார்கிட்ட, எப்போ சொல்லணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும்."

தையல்காரம்மாவுக்கு அப்பாடா என்றிருந்தது. அந்தப் பெருமூச்சு பாதி வழியிலேயே நின்றுபோனது. இதே சாத்திய கதவை, யாரிடம் சொல்வது என்ற இதே உரிமையை, அந்தச் சின்னப் பெண்ணுக்கு இல்லாமல் செய்யத்தானே பட்டன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள்? டாக்டரின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அவருக்கு ஒன்றும் தெரியாது என்றாலும் கூச்சமாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் முழுவதும் அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. போனால் யாராவது பார்ப்பார்கள்; பார்த்தால் பேசுவார்கள். விரல் கோணப்போகிற தையல்காரியிடம் யார் துணி கொடுப்பார்கள்? பெண் வீட்டில் என்ன நினைப்பார்கள்? 'சீக்குக்காரி வீட்டுலயா நம்ம பொண்ணைக் கொடுக்கறது' என்று கல்யாணத்தை நிறுத்திவிட்டால்? தான் நினைத்ததை எல்லாம் அவர்களும் நினைப்பார்கள் என்ற பயம்தான் அவளைத் தின்றது. பகலெல்லாம் வழக்கத்தைவிட உரக்கப் பேசினாள், வழக்கத்தைவிட வேகமாக மெஷினை ஓட்டினாள்.

உடுப்பை மறுபடியும் போட்டுப் பார்க்க ஒருநாள் காலையிலேயே மருமகள் வந்தாள். முதுகுப்பக்கக் கொக்கிகளை மாட்டவேண்டும். தையல்காரம்மா முதல் கொக்கியை வளையத்தில் மாட்டப் பார்த்தாள். வழுக்கியது. மறுபடியும். மறுபடியும். நிலைக்கண்ணாடியில் மருமகளின் கண்கள் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தன.

கடையில் அப்போது அளவு கொடுக்க வந்த ஒரு அம்மாளும் அவளுடைய பிள்ளைகளும் இருந்தார்கள். "இருங்க அத்தை, எனக்குக் கை எட்டும்" என்று மருமகள் தானே கையைப் பின்னால் வளைத்து மாட்டிக்கொண்டாள். அவர்கள் எல்லோரும் போகும்வரை காத்திருந்தாள். மாமனார் தேநீர் வாங்கப் படியிறங்கியதும் அருகில் வந்து, மெல்ல அந்தக் கைகளை எடுத்துத் தன் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அத்தை, தப்பா நினைச்சுக்காதீங்க. காலையில மட்டும்தான் இப்படியா, நாள் பூராவுமா?"

தையல்காரம்மா கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை. அந்தப் பெண் அழுத்தியும் பிடிக்கவில்லை; பிடித்த விதத்தில் அத்தனை பழக்கம் இருந்தது.

"எங்கம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. துணி பிழியற வேலைன்னு நினைச்சாங்க. அப்புறம் வயசுன்னு நினைச்சாங்க. அக்கம்பக்கத்துல என்ன சொல்லுவாங்களோன்னு ஆஸ்பத்திரிக்கே போகல. போகும்போது விரல் கோணிடுச்சு. நீங்க அப்படி விட்டுடாதீங்க அத்தை. நான் கூட வர்றேன். யார்கிட்டயும் சொல்லமாட்டேன், உங்க பையன்கிட்டகூட."

அவ்வளவுதான். மெஷின் பக்கத்து முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்த தையல்காரம்மா குலுங்கிக் குலுங்கி அழுதாள். அழுகையினூடே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். டாக்டர் சொன்னதை மட்டுமல்ல, குண்டூசி குத்திய துணியை எடுத்து வைத்ததை, தங்கையிடம் கொண்டுபோனதை, அவள் தொட மறுத்ததை, ஒன்றுவிடாமல்.

"உன்னைத் திருட்டுத்தனமா சோதிக்கப் பார்த்தேன்மா. நீ என்னடான்னா என் மானத்தைக் காப்பாத்த கடை காலியாகறவரைக்கும் காத்துக்கிட்டு நிக்கற."

மருமகளின் முகம் கொஞ்சம் வாடியது. வாடாமலிருந்தால்தான் ஆச்சரியம். கையை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். தெருவில் பால் வண்டி ஒன்று திரும்ப இடமில்லாமல் முன்னும் பின்னுமாகப் போய்க்கொண்டிருந்தது. அது திரும்பிப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கஷ்டமாத்தான் இருக்கு அத்தை" என்றாள் கடைசியில். "நீங்க பயந்தது தப்பில்ல. அம்மா கையைப் பார்த்தா யாருக்குமே பயம் வரும், எனக்கே வந்துச்சு. அதனாலதான் நானே போய் ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கிட்டேன். என்ன வந்துச்சுன்னு உங்க பையன்கிட்ட மொத நாளே சொல்லிட்டேன். நீங்க கேட்டிருந்தா உங்ககிட்டயும் சொல்லியிருப்பேனே அத்தை. கேட்டிருக்கலாமே."

'கேட்டிருக்கலாமே.' திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

"இப்போ சொல்லட்டுமா?" என்று பெண் திரும்பினாள்.

தையல்காரம்மா அவசரமாகக் கண்களைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வேண்டாம். சத்தியமா வேண்டாம். உனக்கா எப்பவாவது சொல்லணும்னு தோணினாச் சொல்லு. தோணாட்டி விடு. இருந்தாலும் நீதான் என் மருமக, இல்லாட்டியும் நீதான் என் மருமக."

மருமகளுக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒன்று வந்தது. "அப்போ ஆஸ்பத்திரிக்கு நாளைக்கே போறோம்" என்றாள் அதிகாரமாக.

அந்த நேரம் பார்த்துத் தேநீர்க் கூஜாவோடு வந்த கணவர், இரண்டு பேரும் மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். தையல்காரம்மா அவரிடமும் விஷயத்தைச் சொன்னாள். அவர் கூஜாவைக் கீழே வைத்தார்.

"நான்தான் கேட்டேனே, கைக்கு என்னன்னு. கத்தரிக்கோல் சாணை போயிடுச்சுன்ன. ரெண்டு தடவை சாணை பிடிச்சுட்டு வந்தேன்."

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் அடுத்த கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் நோயை உறுதி செய்தார்கள். முழுசாகப் போகாது, ஆனால் கட்டுக்குள் வைக்கலாம் என்றார்கள். மாத்திரை, விரல்களுக்குப் பயிற்சி, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. தங்கையிடமும் அவளே போய்ச் சொன்னாள். அக்காவைக் கட்டிக்கொண்ட தங்கை, "அன்னைக்கு ரொம்பக் கடுமையாப் பேசிட்டேன்" என்றாள். "இன்னும் ரெண்டு போட்டிருக்கணும்டி" என்றாள் தையல்காரம்மா. விஷயம் தெரிந்த வாடிக்கையாளர்களில் ஒருவர்கூட ஓடிப்போகவில்லை. கல்யாண உடுப்பின் கடைசிக் கொக்கிவரை அவளே தைத்தாள். கல்யாணமும் நல்லபடியாக நடந்தது. பெண்ணின் அம்மாவும் இவளும் இப்போது ஒரே டாக்டரிடம் சேர்ந்து போய்வருகிறார்கள். போகிற வழியெல்லாம் சிரிப்பும் பேச்சுமாக, ஏதோ உல்லாசப் பயணம் போவதுபோல.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். கடை கொள்ளாத கூட்டம். மருந்துக்கடைக்காரரின் மனைவி வந்து, மற்றவர்கள் போகட்டும் என்று ஓரமாக ஒதுங்கி நின்றாள். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"உங்க தங்கச்சி அந்த லேப்லதானே வேலை பார்க்கறாங்க? ஒரு சொட்டு ரத்தத்துலயே எல்லா வியாதியும் தெரிஞ்சிடுமாமே? என் பொண்ணுக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்திருக்கோம். அவர் வீட்டுல யாருக்கோ ஏதோ சீக்குன்னு காதுல விழுந்தது. அவருக்குத் தெரியாம எப்படியாவது..."

தையல்காரம்மா மெஷினை நிறுத்தினாள்.

"அவருக்குத் தெரியாம எதுக்கு? நேரா கேளுங்களேன்."

"ஐயோ, அதை எப்படிங்க வாய்விட்டுக் கேக்கறது?"

"கேக்க வாய் வரலைன்னா, அதைத் தெரிஞ்சுக்கற உரிமையும் நமக்கு இல்லைன்னு அர்த்தம். சீக்கு வர்றது யார் செஞ்ச தப்பும் இல்லம்மா. அதைச் சொல்லப் பயப்படற மாதிரி மத்தவங்களை வச்சிருக்கோம் பாருங்க, அதுதான் தப்பு. நான் பயந்து ஒளிச்சப்போ என் விரல் போகப் பார்த்துச்சு. எனக்கு மூட்டு வாதம் இருக்கு, உங்களுக்குத் தெரியுமா? இப்போ நானே சொல்றேன், பாருங்க, கூச்சமே இல்ல. அந்தக் கருவியைக் கண்டுபிடிச்சது அவங்கவங்க உடம்பை அவங்கவங்க காப்பாத்திக்க. அடுத்தவங்க உடம்பை எட்டிப் பார்க்க இல்ல."

மருந்துக்கடைக்காரரின் மனைவிக்கு இன்னும் விடமனமில்லை. "அது சரி... உங்க மருமகளோட அம்மாவுக்கு அது ரொம்ப முத்திப்போச்சுன்னு சொன்னாங்களே. அப்போ பொண்ணுக்கு?" என்று இழுத்தாள்.

"எனக்குத் தெரியாது" என்றாள் தையல்காரம்மா நிம்மதியாக. "அது அவ சொல்லவேண்டிய சமாச்சாரம்."